இரண்டரை ஆண்டு எம்.பி.

லக்ஸம்பர்க் நகரம்
செப்டம்பர் 3

அன்புள்ள ஜெம்ப் அண்ணாவுக்கு,

நலமா? அண்ணியின் முழங்கால் வலி தேவலையா? உன் கட்சியை விட்டு நான் வெளியேறியதிலிருந்து நீ என்னோடு பேசவில்லை. பதின்மூன்று வருடம்! இதையாவது படிக்காமல் கிழித்துவிடாதே.

இரண்டு தேர்தலில் தோற்று, மூன்றாவதில்தான் நாடாளுமன்றம் போனேன். எங்கள் இடதுசாரிக் கட்சியின் விதி உனக்குத் தெரியும்: பாதிக் காலம் முடிந்ததும் வேட்பாளர் பட்டியலில் அடுத்தவருக்கு இடம்விட வேண்டும். அடுத்தவள் இலீடியா, பஸ் ஓட்டுகிறவள். அடுத்த மாதம் நான் விலக வேண்டும். ஆனால் செயலாளர் கமீல், "நீங்க போனா அடுத்த தடவை நமக்கு ஒரு சீட்டும் கிடைக்காது. விதிதானே, மாத்திக்கலாம்" என்கிறார். எல்லோரும் தலையாட்டுகிறார்கள். எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது.

முகத்துக்கு நேரே பேசுகிறவன் நீ ஒருவன்தான். சொல்.

உன் தங்கை
லெயோனி


டிஃபெர்டாஞ்ச்
செப்டம்பர் 9

லெயோனிக்கு,

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. கடிதத்தைக் கிழிக்கவில்லை.

எங்கள் அமைச்சர்கள் நாற்காலியைவிட்டு எழ மாட்டார்கள் என்று கத்திவிட்டுத்தானே போனாய்? இப்போது என்னிடம் யோசனை கேட்கிறாய்!

போன வாரம் இரும்பாலை கேன்டீனில் உன் பேச்சு வந்தது. "பாத்துக்கிட்டே இரு ஜெம்ப், உன் தங்கச்சியும் நாற்காலியில ஒட்டிக்குவா" என்று ஒருவன் சிரித்தான். எங்கிருந்துதான் கோபம் வந்ததோ! "அவ என் பேச்சைத்தான் கேக்க மாட்டா. சொன்ன சொல்லைக் காப்பாத்துவாடா!" என்று மேசையை ஓங்கித் தட்டிவிட்டேன். அவன் சூப் கொட்டிப்போயிற்று.

நீ இறங்காவிட்டால் அவன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று அன்றிலிருந்து பயம்தான். அதனால் நான் சொல்வது நியாயமா, சுயநலமா தெரியவில்லை. இறங்கிவிடு.

இறங்காவிட்டாலும் தங்கைதான்.

ஜெம்ப்


லக்ஸம்பர்க் நகரம்
அக்டோபர் 21

அன்புள்ள அண்ணா,

விலகிவிட்டேன். "கட்சியைக் கவுத்துட்டீங்க" என்று கமீல் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நேற்று இலீடியா கை உயர்த்தி உறுதிமொழி எடுத்தாள். முதல் பேச்சிலேயே குரல் நடுங்கி, நின்றுபோனாள். பார்வையாளர் மாடத்தில் நான் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டேன். பிறகு, "மன்னிக்கணும், பஸ்ல பேசினா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க" என்றாள். சபை முழுக்கச் சிரிப்பு. அப்புறம் காகிதமே இல்லாமல் பேசினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கமீல் என் காதருகே குனிந்து, "இவ நல்லாத்தான் பேசறா" என்று முணுமுணுத்தார்.

கொஞ்சம் பொறாமை உண்டு, மறைக்க மாட்டேன். ஆனால் இன்று காலை வெயில் ஏறும்வரை தூங்கினேன். இப்படித் தூங்கி எத்தனை நாளாயிற்று!

ஞாயிறு மதியம் வருகிறேன். அண்ணியை உருளைக்கிழங்கு வடை சுடச் சொல். உங்கள் கட்சி அந்த ஓய்வூதிய மசோதாவுக்குக் கை தூக்கியதே, அதைப் பற்றி உன்னிடம் கேட்க நிறைய இருக்கிறது. ஜன்னல்களைச் சாத்திவை. பக்கத்து வீட்டுக்காரர்கள் பாவம்.

உன் தங்கை
லெயோனி