முதுகில் ஒரு மச்சம்

மார்ச் 4

டீச்சருக்கு,

நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நீச்சல் குளத்துக்குப் புதிதாக ஒரு பெண் கோச் வந்திருக்கிறாள். போன வாரம் என் முதுகைப் பார்த்து, "மாஸ்டர், மை ஒட்டியிருக்கு" என்று துண்டால் துடைத்தாள். போகவில்லை. கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாகத் தோல் டாக்டரிடம் அனுப்பிவைத்தாள்.

அவர் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "பழைய மச்சமா, புதுசா? வளர்ந்திருக்கா? வீட்ல கேட்டுப் பாருங்க" என்றார். நீ போன பிறகு வீட்டில் யாரைக் கேட்பது, சுவரையா? எப்படியும் வெட்டியெடுத்துச் சோதிக்க வேண்டுமாம். கோடை வகுப்பு தொடங்குகிறது. தையல் போட்டால் தண்ணீரில் இறங்க முடியாது. அது எப்போதும் அப்படித்தான் என்று நீ ஒரு வரி எழுதினால் போதும், விட்டுவிடுவேன்.

சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. மற்றபடி வீடு அப்படியே இருக்கிறது.

மாஸ்டர்

மார்ச் 9

மாஸ்டருக்கு,

அப்படி ஒரு வரி எழுத மாட்டேன். அது எப்போதும் அப்படி இல்லை.

இடது தோள்பட்டைக்குக் கீழே, கடுகளவு, உருண்டையாக, ஒரே பழுப்பு நிறத்தில் இருந்தது. நான் கிளம்பிய வருஷம் ஓரம் கலைந்து ஒரு பக்கம் கறுத்திருந்தது. டாக்டரிடம் காட்டச் சொன்னேன். மச்சத்துக்கெல்லாம் டாக்டரா என்று சிரித்தீர்கள். இதை அவரிடம் அப்படியே படித்துக் காட்டுங்கள். வகுப்பை அந்தப் பெண் எடுக்கட்டும். உச்சி வெயிலில் வெற்றுடம்போடு நிற்காதீர்கள் என்று நான் சொல்லாத நாளில்லை.

குழாய்க்கு வாஷர் மாற்றினால் போதும்.

டீச்சர்

ஏப்ரல் 2

டீச்சருக்கு,

நீ எழுதியதைக் கேட்டதுமே டாக்டர் நாள் குறித்துவிட்டார். எடுத்தாகிவிட்டது. புற்றுநோய்தான். பயப்படாதே, மேல் தோலோடு நின்றிருக்கிறது, உள்ளே இறங்கவில்லை. சுற்றியும் கொஞ்சம் வெட்டியிருக்கிறார்கள். "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா கதையே வேற" என்றார். இவ்வளவு கவனித்தது யார் என்று கேட்டார். மனைவி என்றேன். அந்தச் சொல்லைச் சொல்லி நாளாயிற்று.

தையல் பிரிக்கும்வரை தண்ணீர் கிடையாது, குளக்கரையில் முழுக்கைச் சட்டையோடு நிற்கிறேன். தலையில் தொப்பி, முகமெல்லாம் வெள்ளைக் களிம்பு. பிள்ளைகள் பேய் மாஸ்டர் என்கிறார்கள். மாதம் ஒருமுறை உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை பார்க்க வேண்டுமாம். மற்ற இடமெல்லாம் பார்த்துவிடுகிறேன். முதுகைப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

வந்துவிடேன்.

மாஸ்டர்

ஏப்ரல் 15

மாஸ்டருக்கு,

உங்கள் கடிதத்தைப் பள்ளிக்கூட ஓய்வறையில் படித்தேன். அடுத்த வகுப்புக்குப் போக முடியவில்லை. நீங்கள் தப்பித்ததில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று எழுதத் தெரியவில்லை.

மறுநாள் நானும் போய்க் காட்டினேன். எல்லாம் சாதாரண மச்சங்கள்தான். ஆனால் நர்ஸ் முதுகில் விரல் வைத்தபோது அழுதுவிட்டேன். "வலிக்குதாம்மா?" என்றாள். இல்லை என்றேன்.

நான் வரவில்லை. அந்த மச்சம் எனக்கு எப்படி இவ்வளவு துல்லியமாக நினைவிருக்கிறது என்று டாக்டர் யோசித்திருப்பார், நீங்கள் யோசிக்கவில்லை. நம் கல்யாண வாழ்க்கை முழுக்க எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டேதான் தூங்கினீர்கள். வேறு எதைப் பார்த்திருப்பேன்?

சுவரில் பெரிய கண்ணாடி, கையில் ஒரு சின்னக் கண்ணாடி. நல்ல வெளிச்சத்தில் திரும்பி நின்று பாருங்கள். முதலில் கழுத்து வலிக்கும். எனக்குப் பழகிவிட்டது.

டீச்சர்