பிஎச்பிக்கு வெள்ளைப் பூ, நோட்ஜேஎஸ்ஸுக்குச் சிவப்பு

2025 பிப்ரவரி 3, திங்கள்

கோட்டயத்துக்குப் போக வேண்டிய முட்டை லோடு கோழிக்கோட்டில் போய் நிற்கிறது. வாட்ஸ்அப்பில் வந்த ஆர்டரை அப்பா கண்ணாடி போடாமல் படித்ததன் பலன். காலையிலிருந்து கேரளாக்காரர்களிடம் திட்டு வாங்கியவர், மத்தியானம் சோற்றில் கை வைத்தபடியே அறிவித்தார்: "நமக்கொரு வெப்சைட் வேணும். நீங்க ரெண்டு பேருல ஆரு முடிச்சுக் குடுக்கறீங்களோ, புதுச்சத்திரத்துல இருக்கற நம்ம முட்டை ஆபீஸ் அவங்க பொறுப்பு."

ரெண்டு பேர் என்றால் நானும் தம்பி தனபாலும். நான் சேலத்தில் ஒரு கம்பெனியில் வெப்சைட் எழுதுகிற பாஷையான பிஎச்பியில் மூன்று வருடம் குப்பை கொட்டியவள். கம்பெனியை மூடிவிட்டார்கள், வீட்டில் இருக்கிறேன். அவன் இப்போதுதான் காலேஜ் முடித்தான். அதற்குப் போட்டியாக வந்த நோட்ஜேஎஸ்ஸின் ஸ்டிக்கர் ஒட்டிய லேப்டாப்போடு திரிகிறான்.

எனக்கு அந்த ஆபீஸ் வேண்டும். 'மாப்பிள்ளை அமையும்வரைக்கும் புள்ள சும்மா இருக்கட்டும்' என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்கள். சும்மா இருந்து இருந்து எனக்கு மூச்சு முட்டுகிறது.

பிப்ரவரி 6

சண்டை. முட்டை விலை தினமும் மாறும். ஒவ்வொரு வியாபாரிக்கும் பாக்கி லோடு வேறு. ஆகவே கேட்கக் கேட்கச் சர்வர் பக்கத்தைப் புதிதாகச் சுட்டுத் தர வேண்டும், தோசை மாதிரி. அந்தத் தோசைக்கல் பிஎச்பியா, நோட்ஜேஎஸ்ஸா என்பதுதான் தகராறு.

"பிஎச்பியெல்லாம் செத்துப் போச்சுக்கா" என்றான்.

"செத்ததை வச்சுத்தாண்டா மூணு வருசம் சம்பளம் வாங்குனேன். நீ போட்டிருக்கற சட்டை அதுல வந்தது."

"எதுல எழுதுனா என்ன, முட்டை ஒடையாமப் போனாச் சரி" என்றாள் அம்மா. இருவரும் சேர்ந்து அம்மாவை முறைத்தோம். இந்த வாரத்தில் ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம்.

பிப்ரவரி 9

இன்றும் சண்டை. ரசம் ஆறிப் போனது.

பிப்ரவரி 11

அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. "என்ற தலை வெடிக்குது. அம்மன்கிட்டப் பூப்போட்டுக் கேட்டரலாம்."

கிணறு வெட்டுகிற இடம், பெண் எடுக்கிற இடம் எல்லாம் எங்கள் குடும்பத்தில் அப்படித்தான் முடிவாகும். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் குலுக்கிப் போட்டு ஒன்றை எடுத்துப் பிரிப்பார்கள். பிஎச்பிக்கு வெள்ளை, நோட்ஜேஎஸ்ஸுக்குச் சிவப்பு. செல்லாண்டியம்மனிடம் இப்படி ஒரு கேள்வி இதற்கு முன் போயிருக்காது.

பிப்ரவரி 13

பொட்டலம் கட்டும் வேலையை என்னிடம் கொடுத்துவிட்டார் அப்பா. இரண்டிலும் வெள்ளை நந்தியாவட்டையையே வைத்துக் கட்டிவிட்டேன்.

பயமாக இல்லையா? இருக்கிறது. ஆனால் அம்மனுக்கு பிஎச்பி பற்றி என்ன தெரியும்? கொஞ்சம் உதவி செய்கிறேன், அவ்வளவுதான்.

பிப்ரவரி 14, வெள்ளி

கோயிலிலிருந்து இப்போதுதான் வந்தோம்.

பூத்தட்டைத் தனபால்தான் பைக்கில் கொண்டுவந்தான். பூசாரி பச்சமுத்து பொட்டலங்களைக் குலுக்கிப் போட்டார். "எந்தப் பாசையில செய்யறது தாயே, நீயே சொல்லு" என்று அப்பா கும்பிட்டு ஒன்றை எடுத்தார்.

பிரித்தால் — செவ்வரளி!

சிவப்பு எங்கேயிருந்து வந்தது? வராதே! வரவே வராதே! ஆனால் வராது என்று எப்படிச் சொல்வேன்? வாயைத் திறந்தால் நானே மாட்டிக்கொள்வேன். திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் நின்றேன்.

பூசாரி சும்மா இல்லாமல் மற்றதையும் பிரித்தார். அதுவும் செவ்வரளி. அப்பா மெதுவாகத் திரும்பித் தம்பியைப் பார்த்தார். அந்தப் படுபாவி சட்டைப் பையில் கைவிட்டு நான் கட்டிய இரண்டையும் எடுத்து நீட்டுகிறான்! "அக்கா கட்டுனதையும் பிரிச்சுப் பாருங்கப்பா."

வெள்ளை. வெள்ளை.

"ஏஞ்சாமி, அம்மன்கிட்டயேவா?" என்றார் அப்பா.

"நல்லாப் படிக்க வச்சிருக்கீங்க" என்று பூசாரி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு அவரே பூப்பறித்து, அவரே கட்டி, அப்பாவை மறுபடி எடுக்கச் சொன்னார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

சிவப்பு.

பிப்ரவரி 15

அழுதேன். ஏமாற்றித் தோற்றிருந்தால்கூடத் தேவலை. நியாயமாகத் தோற்றதைத்தான் தாங்க முடியவில்லை.

பிப்ரவரி 17

மாடியில் துணி காயப் போடும்போது பொறி தட்டியது. அப்பா அம்மனிடம் கேட்டது என்ன? எந்தப் பாஷையில் செய்வது என்று. யார் செய்வது என்று கேட்கவே இல்லையே!

நோட்ஜேஎஸ் என்ன தனபால் பெயரில் பட்டா போட்ட நிலமா?

பிப்ரவரி 26

ரகசியமாக நோட்ஜேஎஸ் படிக்கிறேன். காத்திருக்காமல் அடுத்த வேலைக்கு ஓடிவிடுகிறது இது, என் தம்பி மாதிரி. பிஎச்பி வரிசையாக, சொன்னதைச் செய்யும். இரண்டு நாள் பல்லைக் கடித்தேன். இன்று பிடிபட்டது. சொல்ல மனம் வரவில்லை, நன்றாகத்தான் இருக்கிறது.

மார்ச் 9

தம்பியிடம் எதுவரை வந்திருக்கிறது என்று விசாரித்தேன். எந்த ஃபிரேம்வொர்க், எந்த டேட்டாபேஸ் என்று இன்னும் ஆராய்ச்சி. பக்கம் திறக்கும் நேரத்தில் ஒரு முட்டை சுற்றுகிற மாதிரி செய்திருக்கிறான். சுற்றுகிறது, சுற்றுகிறது, பக்கம்தான் வரவில்லை.

"அருமையா இருக்குதுடா" என்றேன். மனதார.

மார்ச் 23

அப்பாவிடம் காட்டினேன். கேரளா ஆர்டர் மொத்தமும் ஊர் ஊராகப் பிரிந்து, எழுத்து பெரிதாக, கண்ணாடி இல்லாமல் படிக்கிற மாதிரி. நெடுநேரம் போனைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார்.

"சிவப்புதானா இது?"

"சிவப்புதானுங்கப்பா. சத்தியமா."

"இந்தத் தடவை சத்தியம் வேண்டாஞ்சாமி" என்றார். ஆபீஸ் பேச்சே எடுக்கவில்லை. பையன் மனசு நோகுமே என்று பார்க்கிறார். என் மனசு?

ஏப்ரல் 4

தனபால் என் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தான். பெங்களூரில் இன்டர்வியூவாம். சொந்தமாகச் செய்த வெப்சைட் ஒன்றைக் காட்ட வேண்டுமாம்.

"சுத்தற முட்டையைக் காட்டு."

"அக்கா, உன்னுதைக் காட்டிக்கறேன். ஆரு கேட்டாலும் தம்பிதான் செஞ்சான்னு சொல்லீரு அக்கா."

"சொல்லீரலாம். ஆபீஸ் ஆருதுன்னு அப்பாகிட்ட நீ சொல்லீரு."

படி இறங்கி ஓடினான். கீழே அவன் பேசியது கேட்டது: "அப்பா, அக்காதாம்ப்பா முடிச்சா. ஆபீஸ் அவளுதுதான்." அவன் வாயாலேயே கேட்டபோது சந்தோஷத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவனைத் திட்ட வைத்திருந்ததெல்லாம் மறந்து போனது.

ஏப்ரல் 21

வேலை கிடைத்துவிட்டது அவனுக்கு. பஸ் ஏற்றிவிட்டு வந்தோம். அம்மா அழுதாள். நானும்தான், கொஞ்சம்.

ஜூன் 5, வியாழன்

பதினொரு மணிக்குத் தனபால் போன். அவனிடம் ஒரு பழைய ஆஸ்பத்திரி வெப்சைட்டைக் கொடுத்து, இனிமேல் இதுதான் உன் வேலை என்று சொல்லிவிட்டார்களாம். பத்து வருடத்துக்கு முன் யாரோ எழுதியது. முழுக்க பிஎச்பி.

"அக்கா, ஒரே ஒரு சந்தேகம்..."

வாசலில் கொல்லம் லோடு ஏறிக்கொண்டிருந்தது. டிரைவர் பில்லுக்குக் கை நீட்டி நின்றார்.

"ஆபீஸ்ல இருக்கேன்டா" என்றேன். "சாயங்காலம் கூப்புடு."