காசிம் கேட்ட கேள்வி

1939 ஆவணி, செவ்வாய், இரவு

ஐரோப்பாவில் போர் மூளப்போகிறது என்று பள்ளிவாசல் சாலைக் காப்பிக்கடையில் தினமும் மாலை பத்திரிகை படித்துச் சொல்பவன் நான்தான். ஒரு வாரமாக என்னைச் சுற்றிக் கூட்டம் இல்லை. எல்லாரும் எதிரே முடிவெட்டும் காசிம் கடையில் உட்கார்ந்து சிரிக்கிறார்கள். வயிறு எரிகிறது. அவனுக்கு எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்கத் தெரியாது.

இன்று பொறுக்க முடியாமல் அங்கே போனேன். வருகிற ஒவ்வொருவரிடமும் அவன் ஒன்றைத்தான் கேட்கிறான். என்னிடமும் இந்த ஊர்ப் பேச்சு வழக்கில் ‘லா’ சேர்த்துக் கேட்டான்.

“அண்ணே, இன்னிக்கு உங்களுக்கு நடந்த நல்லது ஒண்ணு சொல்லுங்க லா.”

“குண்டு விழப்போற நேரத்துல என்னய்யா நல்லது?”

“விழுறப்ப விழட்டும்ணே. இன்னிக்கு என்ன நடந்துச்சு?”

“என் மக... பத்து நாள் காய்ச்சலுக்கப்புறம் கஞ்சி கேட்டு வாங்கிக் குடிச்சா.”

எல்லாரும் கைதட்டினார்கள். யாரோ தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார்.

அது காலையில் நடந்தது. பத்திரிகை வாங்கும் அவசரத்தில் நான் அவளைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை.

காசிம் மீது எரிச்சல் இன்னும் தீரவில்லை. அந்தக் கேள்வி எனக்கல்லவா தோன்றியிருக்க வேண்டும்! ஆனாலும் நாளை போவேன். மகள் இன்னும் விழித்துத்தான் இருக்கிறாள். போய்க் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காருகிறேன்.