மீனுக்கு விளாவிய தண்ணீர்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

ஆய்வகத்தில் மீன்தொட்டிக்குத் தண்ணீர் மாற்றுவது என் வேலை. நேற்று குழாய்த் தண்ணீரில் வெந்நீர் விட்டு, நீ எனக்குக் குளிக்க விளாவுவதுபோலப் புறங்கை வைத்துப் பார்த்தே விளாவினேன். தொட்டியின் சூட்டிலிருந்து இம்மியும் மாறவில்லை. பெருமையோடு வாளியைத் தூக்கினேன். மேற்பார்வை அக்கா கையைப் பிடித்துவிட்டார்.

"சூடெல்லாம் சரிதான்மா. குளோரின முறிக்கிற மருந்து ஊத்துனியா? அதுங்க குளிச்சிட்டுப் போகப்போறதில்ல, அதுலதான் மூச்சே விடணும்!"

மருந்து கலந்து மெல்ல ஊற்றினேன். முட்டையிலிருந்து புதிதாய் வெளிவந்த குஞ்சுகள் கண்ணாடி இழைபோல நீந்திவந்தன. உள்ளே இதயம் துடிப்பது அப்படியே தெரிகிறது, அம்மா! நாம் குடிக்கிற தண்ணீர் அதை நிறுத்தியிருக்கும்.

பேருந்துக்கு நேரமாகிவிட்டது. வாளியை மூட உன் பழைய புடவை ஒன்று அனுப்பு. சோப்பு மீனுக்கு ஆகாது. அதனால் துவைக்காமல், நீ கட்டி அவிழ்த்தபடியே அனுப்பு.

உன் மகள்