அக்காவின் முதுகு

தாபோடி, புனே
12.7.1998

அன்பு மகள் கோதைக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

இங்கே அப்பாவும் நானும் சுகம். வேலூர் ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? நர்சிங் வகுப்பில் எல்லாரும் தமிழிலேயே பேசுகிறார்கள் என்று பயந்தாயே, பழகிவிட்டதா?

உன் தம்பியைப் பற்றி எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். நீ ரயில் ஏறியதிலிருந்து சபரிக்குச் சரியான தூக்கம் இல்லை. உன் முதுகில் ஒட்டியே தூங்கிப் பழகியவன், கட்டிலில் நீ படுக்கும் இடத்தைத் தட்டித் தட்டிப் பார்க்கிறான். ஒன்பது வயதாகியும் பேச்சு வராத பிள்ளை, வேறு எப்படிக் கேட்பான்? உன் இடத்தில் நான் படுத்து முதுகைக் கொடுத்தேன். ஒட்டிப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

டாக்டரிடம் காட்டினோம். இதற்கு ஆட்டிசம் என்று பெயராம். இப்படிப்பட்ட பிள்ளைகளில் பலருக்குத் தூக்கம் வருவதே பாடு, பழகிய படுக்கையை மாற்றாதீர்கள் என்றார். படுக்கையையா மாற்றினோம்?

உன் அம்மா
ஆனந்தவல்லி

வேலூர்
20.7.1998

அன்புள்ள அம்மா,

கடிதம் படித்ததும் பெட்டியைக் கட்டினேன். பிறகு அவிழ்த்துவிட்டேன். நீ வா என்று எழுதவில்லையே. ஒரு வார்த்தை எழுது, படிப்பை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன்.

எனக்கும் இங்கே தூக்கம் பிடிக்கவில்லை. கட்டிலைச் சுவரோடு நகர்த்தி முதுகை ஒட்டிக்கொண்டு படுக்கிறேன். பக்கத்துக் கட்டில் லலிதா சிரிக்கிறாள். அவளுக்கு என்ன சொல்லிப் புரியவைப்பது?

ஒன்று உன்னிடம் சொன்னதில்லை. நான் அவனை லேசாகத் தொட்டுக்கொண்டு படுப்பதில்லை. சுவரோடு சேர்த்து நன்றாக அழுத்திப் படுப்பேன். அப்போதுதான் அவன் உடம்பு தளரும். மேலே கனமாக ஏதாவது போட்டுப் பாரேன்.

உன் கோதை

தாபோடி
6.9.1998

அன்பு மகளுக்கு,

படிப்பை விட்டு வராதே. உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "அவ படிக்கட்டும். அவன் தூங்கறதுக்காகக் காலம் பூரா அவ முதுகைக் குடுத்துக்கிட்டே இருக்கணுமா?" என்றார். சாப்பாட்டு டப்பாவைக்கூட எடுக்காமல் ஃபாக்டரிக்குப் போய்விட்டார்.

நீ சொன்னதுபோல் என் பழைய புடவைகளை அடுக்கிக் கனமாக ஒரு கோதடிப் போர்வை தைத்தேன். கட்டிலில் அது உதவவில்லை. ஒரு நாள் அவனே பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் நுழைந்து சுருண்டுகொண்டான். கோதடியை மேலே போட்டேன். விடியும்வரை அசையவில்லை! இப்போது தினமும் அங்கேதான். "புள்ளைக்கு நல்ல மெத்தை வாங்கணும்னு நெனச்சேன். இந்த இடுக்குதான் புடிக்குதா அவனுக்கு?" என்று அப்பா அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

தீபாவளிக்கு அவசியம் வா, கண்ணு.

அம்மா

தாபோடி
29.11.1998

அன்பு மகள் கோதைக்கு,

பொங்கலுக்கும் டிக்கெட் எடுத்துவிட்டதாக எழுதியிருந்தாய். பதில் எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது. கோபிக்காதே.

தீபாவளிக்கு நீ வந்ததும் அவன் பீரோ பக்கமே போகவில்லை. உன் முதுகில் ஒட்டிக்கொண்டு அவன் தூங்கியதை நானும் அப்பாவும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். நீ போன பிறகு நடந்ததை உனக்கு எழுதவில்லை. மறுபடியும் கட்டிலைத் தட்ட ஆரம்பித்தான். கோதடியைத் தூக்கி எறிந்தான். தன் மணிக்கட்டைக் கடித்துக் கடித்துப் புண்ணாக்கிக்கொண்டான். அப்பா கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். இந்த வாரம்தான் பழைய இடத்துக்குப் போய்ப் படுத்திருக்கிறான்.

பொங்கலுக்கு வராதே, கோதை. நீ வந்து போகிற ஒவ்வொரு தடவையும் அவன் உன்னை முதலிலிருந்து இழக்கிறான். அவன் கொஞ்சம் வளரட்டும். பெற்ற பெண்ணை வீட்டுக்கு வராதே என்று எழுதுகிறேன். நான் என்ன தாய்?

அம்மா

வேலூர்
8.12.1998

அன்புள்ள அம்மா,

டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். விடுமுறையில் குழந்தைகள் வார்டில் ஆள் வேண்டுமாம், இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அப்பா கேட்டால், பரீட்சை இருப்பதால் நானே வரவில்லை என்று சொல். நீ எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்கு விளக்கிச் சொல்ல முடியாது, எனக்குச் சொல்ல முடியும். அதனால் என்னிடம் சொன்னாய். அவ்வளவுதான்.

அவன் நன்றாகத் தூங்கினால் அதை மட்டும் எழுது. கட்டிலைத் தட்டுவதை அடியோடு விட்டுவிட்டான் என்றால், அம்மா, அதை எனக்கு எழுதாதே.

உன் கோதை