ஈரத் துணியில் வந்த பச்சை

மார்ச் 3, செவ்வாய்

கண்ணாடிக் கிடங்கில் இன்றும் பாதி நாள் போய்விட்டது. நான் சொன்ன அளவு ஒன்று, அவர்கள் வெட்டி வைத்திருந்த அளவு ஒன்று. சண்டை போட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பினால் மேசைமேல் ஒரு காகிதச் சுருள். மகள் வந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். கடைச் சாவி அவளிடமும் ஒன்று உண்டு. யார் படம், என்ன சட்டம் போட வேண்டும் என்று ஒரு சீட்டுகூட இல்லை. கல்யாணம் ஆகியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

பிரித்துப் பார்த்தேன். பேருந்து ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கும் ஒரு பெண். முகம் பாதிக்கு மேல் முடிக்குள். மடியில் பை, பையின் வாரைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருக்கிறாள். தூக்கத்திலும் பிடி விடவில்லை. ஜன்னலுக்கு வெளியே மழை விட்ட பிறகு வருமே, அந்தப் பச்சை.

இருபத்தாறு வருடமாக ஊரார் படங்களுக்குச் சட்டம் போடுகிறேன். படத்தைப் பார்த்துக்கொண்டு டீயை ஆறவிட்டது எத்தனை தடவை இருக்கும்? அந்தக் கையை மட்டும் நாலு தடவை பார்த்தேன். எதிரே உட்கார்ந்து, இவளை எழுப்ப மனமில்லாமல் யாரோ பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

மார்ச் 4, புதன்

சப்பென்று ஆகிவிட்டது.

மகளுக்குப் போன் செய்து யார் படம் என்று கேட்டேன். முதலில் மழுப்பினாள். "எப்படி இருக்குன்னு சொல்லும்மா முதல்ல." விடாமல் கேட்டதும், "எங்க வீட்லேர்ந்துதான்" என்றாள். அவ்வளவுதான், எனக்கு விளங்கிவிட்டது. அவள் மாமனார்தான் விடியற்காலை ஆறு மணிக்கெல்லாம் குடும்பக் குழுவில் ஏஐ படமாக அனுப்பித் தள்ளுபவராயிற்றே. கண்ணாடி போட்ட சிங்கம், மேகத்தில் மிதக்கும் மாளிகை, கூடவே காலை வணக்கம்.

"அதானே பார்த்தேன்!" என்றேன். "உங்க மாமனாரோட மெஷின் வேலையா? கையைப் பாருடி, மரக்கட்டை மாதிரி. ஏஐக்கு என்னிக்கு கை வந்திருக்கு? உயிரே இல்ல. சம்பந்தி மனசு நோகாம ஏதோ ஒரு சட்டம் போட்டுக் குடுக்கறேன், விடு."

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு "சரிம்மா" என்று வைத்துவிட்டாள்.

மறுபடி எடுத்துப் பார்த்தேன். சொன்னது சரிதான். கை தடித்திருக்கிறது. பச்சை ஒட்டவே இல்லை. தாள் சொரசொரப்பாக இருக்கிறதே என்றால், இப்போது அந்த மாதிரித் தாளிலும் அச்சடிக்கிறார்கள். நேற்று எனக்கு என்ன வந்தது? வெயிலில் அலைந்த களைப்பாக இருக்கும்.

மார்ச் 5, வியாழன்

என்ன காரியம் செய்துவிட்டேன்.

எந்தப் படம் வந்தாலும் முதலில் ஓரத்தில் ஈரப் பஞ்சால் ஒரு ஒற்று ஒற்றுவேன். பஞ்சில் நிறம் வந்தால் கையால் தீட்டியது. அதில் பசை படக் கூடாது, கத்தி படக் கூடாது. வராவிட்டால் அநேகமாக அச்சு. அட்டையில் ஒட்டி, ஓரம் வெட்டி, பிளாஸ்டிக் சட்டத்தில் தள்ளிவிடலாம். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட ஒற்றாமல் விட்டதில்லை. இன்று விட்டேன். மெஷின் படத்துக்கு இது ஒரு கேடா என்று நினைத்தேன்.

பசை தடவி ஒட்டினேன். நாலு ஓரமும் வெட்டினேன். கீழ் ஓரத்தில் பென்சிலில் ஏதோ எழுதியிருந்தது, அதுவும் போனது. பசை பிதுங்கிப் படத்தின்மேல் வழிந்தது. ஈரத் துணியால் அழுத்தித் துடைத்தேன்.

துணியில் பச்சை.

பச்சையோடு கொஞ்சம் தோல் நிறமும். படத்தில் விரல் எது, வார் எது என்று தெரியவில்லை. குப்பைக் கூடையைக் கவிழ்த்து அந்தத் துண்டைத் தேடி எடுத்தேன். 'மருமகள், வேலை முடிந்து வரும் வழியில்' என்று எழுதியிருக்கிறது.

என் மகள். பெற்றவள் எனக்கு அடையாளம் தெரியவில்லை. மரக்கட்டை என்றேனே, அது என் பெண்ணின் கை.

மார்ச் 6, வெள்ளி

மகள் கடைக்கு வந்தாள். நான் காட்டியதும் உட்கார்ந்துவிட்டாள்.

வரைந்தது மாமனார் இல்லையாம், மாமியாராம். ஆறு வாரம், சமையலறை மேசையில், மத்தியான நேரங்களில். அந்த அம்மாள் பென்சில் பிடித்துக்கூட நான் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று நினைத்ததும் இல்லை.

"பேர் சொல்லாம உன்கிட்ட குடுக்கச் சொன்னாங்கம்மா. தெரிஞ்சா முகத்துக்காக நல்லா இருக்குன்னு சொல்லிடுவாங்க, உள்ளதைச் சொல்லட்டும்னு. நான்தான் உளறிட்டேன்."

பிறகு தலையைக் குனிந்துகொண்டு மீதியையும் சொன்னாள். "முந்தாநாள் நீ பேசினப்ப நான் பாத்திரம் கழுவிட்டிருந்தேன். போன் ஸ்பீக்கர்ல இருந்துச்சு. அத்தை பக்கத்துலதான் நின்னாங்க. நான் சொல்ல வாயெடுத்தேன். வேண்டாம்னு கையைக் காட்டிட்டாங்க."

நுணலும் தன் வாயால் கெடும். நான் வாயாலும் கெட்டேன், கையாலும் கெட்டேன்.

மார்ச் 7, சனி

கடைக்கூரை ஒழுகிவிட்டது என்று சொல்லிவிடலாமா? — மழை பெய்து மூன்று மாதம் ஆகிறது. சீ, புத்தி எங்கே போகிறது பார்.

மார்ச் 8, ஞாயிறு

படத்தை எடுத்துக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன்: ஒற்றிப் பார்க்காதது, வெட்டியது, துடைத்தது. யானைக்கும் அடி சறுக்கும் என்று சம்பந்தி ஆறுதல் சொன்னார். இந்த யானை தானாகப் போய்க் குழியில் படுத்தது.

சம்பந்தியம்மா கறை பட்ட இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். கோபப்படவில்லை. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு மூச்சு வந்திருக்கும்.

"முதல் நாள் எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு சம்பந்தி. சத்தியமா. அந்தக் கையைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன்."

"இப்ப யாரு போட்டதுன்னு தெரிஞ்சுடுச்சுல்ல. அதான் பிடிக்குது."

யாருடையது என்று நினைத்தேனோ அதற்குத் தகுந்தாற்போல்தானே என் கண் பார்த்தது. இந்த நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினால் என்ன என்றுகூடத் தோன்றியது. செவ்வாய்க்கிழமை எழுதியது சாட்சிக்கு இருக்கிறது. ஆனால் அந்தத் தாளைப் புரட்டினால் மறுபக்கம் புதன்கிழமை.

மார்ச் 21

மூன்று வாடிக்கையாளர்கள். வேறொன்றுமில்லை. சம்பந்தியம்மா மறுபடி வரைகிறாரா என்று மகளிடம் கேட்க வெட்கமாக இருக்கிறது.

மே 17, ஞாயிறு

மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்துச் சுவரில் இரண்டு புதுப் படங்கள். ஒன்றில் காயும் துணிகளுக்கு நடுவே ஒரு நாற்காலி. இன்னொன்றில் சம்பந்தி, போனில் மூக்கை நுழைத்துக்கொண்டு. பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டுக்கும் நல்ல மரச்சட்டம். என் கடையில் போட்டதில்லை. கடைத்தெருக் கோடியில் சட்டம் போடுகிறாரே, அவர் வேலை. மூலைகளை உற்றுப் பார்த்தேன், குறை சொல்ல ஒன்றுமில்லை.

வெகு நேரம் நின்றேன். சம்பந்தியம்மா மின்விசிறியைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார்.

"ரொம்ப நல்லா இருக்கு சம்பந்தி" என்றேன்.

"ஆமா," என்றார், "நல்லாத்தான் பிரேம் போட்டுக் குடுத்திருக்காங்க."

படத்தைத்தான் சொன்னேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.