உப்பில்லாத கொத்து

ஐப்பசி 14, செவ்வாய்

இன்றைக்கு இவருக்கு வீட்டிலேயே கொத்து ரொட்டி செய்து கொடுத்தேன். கிட்னி வருத்தம் வந்த நாளிலிருந்து உப்பும் கடைச்சாப்பாடும் கூடாது என்று டொக்டரின் கட்டளை. ஒரு கிழமையாக மனுஷனுக்கு முல்லைத்தீவுக் கடைக் கொத்தைப் பற்றியே கதை. உப்புப் போடாமல் ரொட்டி சுட்டு, லீக்ஸும் முட்டையும் சேர்த்து, தேத்தண்ணி குடிக்கும் சில்வர் பேணியின் விளிம்பால் சட்டியில் டக் டக்கென்று கொத்தினேன். அந்தச் சத்தத்துக்கே சிரித்துக்கொண்டு வந்து மேசையில் இருந்தார். இரண்டு வாய் சாப்பிட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

“நல்லாயிருக்கு,” என்றார். முழுவதையும் சாப்பிட்டு முடித்தார்.

நான் செய்ததுதான் மனதை அரிக்கிறது. வேலையால் வரும்போது அவர் சொல்லும் அதே கொத்துக் கடையில் இறைச்சிக் குழம்பு ஒரு பை வாங்கி ஒளித்து வைத்திருந்தேன். என் பங்கில் அதை ஊற்றி, குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று சாப்பிட்டேன். அவருக்கு ஆசை வரக்கூடாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கை கழுவ வந்தவர் கண்டுவிட்டார்.

ஏசுவார் என்று நினைத்தேன். எனக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

“ஏன் ஒளிச்சு நிண்டு சாப்பிடுறாய்? இஞ்ச வந்து இருந்து சாப்பிடு. எனக்கு மணமெண்டாலும் வரட்டும்.”